நாற்பதாம் எண்ணின் புள்ளி

சிறுநீரக மருந்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வரைபடம் போட்டுத் தருவது என் வேலை. வந்தது ஒரு சின்ன அட்டவணைதான். நாற்பது நோயாளிகள், ஆளுக்கு ஒரு வரிசை. வரிசைக்கு மூன்று எண்கள்: எத்தனையாவதாகச் சேர்ந்தார், மருந்தின் அளவு, சிறுநீரகம் எவ்வளவு தேறியது. மருந்தின் அளவுப்படி ஆட்களை மாற்றி அடுக்கிப் புள்ளி வைக்க வேண்டும். கணினியில் பைத்தான் நிரலில் ஒரே வரி. தூக்கத்தில்கூட எழுதுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். அந்த லட்சணத்தில்தான் எழுதியும் வைத்தேன்.

படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. மருந்து கூடக்கூட ஆள் தேறுகிறார். உச்சிப் புள்ளி நாற்பதாம் எண். கடைசியாகச் சேர்ந்த என் அக்கா.

யாருக்கு என்ன மருந்து என்று முடிவு வரும்வரை நோயாளியிடம் மூச்சுவிடக் கூடாது. என் வாய் சும்மா இருக்குமா? உனக்குத்தான் அதிக மருந்து, நீதான் நன்றாகத் தேறுகிறாய் என்று அன்றே போய்ச் சொன்னேன். அவளுக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்க மாமா, அவள் கணவர், நாள் குறித்திருந்தார். அக்கா ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டாள். ஏழு மாதம் ஆகிறது. உடம்பு மோசமானபோதெல்லாம், பொறு, மருந்து கேட்கும் என்று தைரியம் சொன்னவன் நான். போன வாரம் டாக்டர்கள் கையை விரித்தார்கள். இனி ஆபரேஷனை அவள் இதயம் தாங்காதாம்.

இன்று காலைதான் இறுதி அறிக்கைக்காக ஆய்வுத் தலைவி படத்தை உற்றுப் பார்த்தார்.

"சேர்ந்த ஆர்டர்லயா மருந்து குடுத்தோம்? சீட்டுக் குலுக்கிப் போட்டுல்ல குடுத்தோம். இதுல ஒண்ணாம் ஆள்லேருந்து நாப்பதாம் ஆள் வரைக்கும் மருந்து வரிசையா ஏறிட்டே போகுதே?"

எழுதிய வரியைத் திறந்து பார்த்தேன். நான் ஆட்களை நகர்த்தவே இல்லை. மூன்று பத்திகளையும் தனித்தனியாகச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கிறேன். ஒருவரின் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் மருந்து, அதற்குப் பக்கத்தில் வேறு யாரோ தேறிய கணக்கு. எதை இப்படி அடுக்கினாலும் ஏறத்தான் செய்யும். இதுகூடத் தெரியாத மடையனுக்கு மாதச் சம்பளம்.

வரிசை கலையாமல் திரும்பப் போட்டேன். புள்ளிகள் சிந்திய கடுகு மாதிரிக் கிடந்தன. மருந்தால் காலணா பயனில்லை. நாற்பதாம் எண்ணைத் தேடினேன். மருந்தின் அளவு சைபர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குக் கொடுக்கும் வெறும் மாவு மாத்திரைதான் அக்காவுக்கு விழுந்திருக்கிறது.

மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். வீங்கிய கால்களைக் கட்டிலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா, வேலைக்கு மட்டம் போட்டுட்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் திராணியில்லை. செத்துப் போய்விடலாம் போலிருந்தது. அவள் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்லக்கா. இனிமேதான் சொல்லணும்."

"சொல்லாத. நான் வேண்டாம்னப்போ மனுஷன் எவ்வளவு கெஞ்சினார் தெரியுமா? வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு. மாத்திரையாவது கேக்குதுன்னு நெனச்சுக்கட்டும்."

சமையலறையிலிருந்து மாமா வந்தார். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் ஆய்வுக்கூடம் கொடுத்த மதிய மாத்திரை. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, வாங்கிப் போட்டுக்கொண்டாள்.