சன்ஷேடு கும்மி

ஐயாதுரை வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. கைப்பையோடு நின்ற மருமகள் பரிபூரணத்தைப் பார்த்து, "காலேசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உள்ள போ" என்றார்.

"என்ன தப்பு செஞ்சேன் மாமா?"

"எம் மவன் போயி மூணு வருஷம் ஆகல. நீ பொட்டப்பிள்ளைகளச் சேத்துக்கிட்டுக் கும்மியடிச்சியாம்ல. நான் வேல பாக்குற பேண்டேஜ் கம்பெனியில அம்புட்டுப் பேரும் கேக்காங்க."

அடித்தது உண்மைதான். அந்த எண்பத்தெட்டாம் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் பாலிடெக்னிக்கில் அவள் நடத்திய, எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் பெயில். இங்கிலீஷ் வரிகளை நெட்டுருப் போட்டு, பரீட்சையில் பாதியில் மறந்து, அழுதுகொண்டு வருவார்கள். வயிறெரிந்து போய்த்தான் பரிபூரணம் போர்டில், ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சன்ஷேடை வரைந்தாள். பெஞ்சுகளை ஒதுக்கி, பெண்களை வட்டமாக நிறுத்தி, கைதட்டிப் பாடினாள்:

"நுனியில பாரம் வச்சா – சுவத்து
ஓரம் நோவு ஏறுமடி
நீளம் கூடக் கூட – அந்த
நோவும் கூடுமடி"

சன்ஷேடை வளைத்து முறிக்கப் பார்க்கும் பெண்டிங் மொமென்ட்டைத்தான் நோவு என்றாள். அன்றைக்கே இருபது பேர் கணக்கைப் போட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி ஐயாதுரையின் மகள் சண்முகத்தாய். அந்தப் பாடத்தில் இரண்டு தடவை பெயிலாகிக் கோட்டடித்தவள். டிப்ளமோ முடித்தால்தான் கல்யாணம் என்று சாத்தூர் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை மறுபடி பரீட்சை; அதற்குள் மீதிப் பாடத்தையும் பரிபூரணம் நடத்தியாக வேண்டும். ஆனால் தாலியறுத்தவள் சிரித்தாலே பொறுக்காத தெரு, கைதட்டிப் பாடினால் விடுமா?

மகள் கல்யாணம் ஐயாதுரைக்கு உறைத்தது. குரலைத் தணித்தார். "சரி, பாட்ட எழுதிக் குடு. கட்டுக்கழுத்தியா ஒரு டீச்சரு பாடட்டும்."

"அவிய பாடுனா ஒரு விடை, நான் பாடுனா ஒரு விடை வருமா மாமா? நாந்தான் நடத்துவேன்."

"அப்ப நீ போக வேண்டாம்."

அடுப்படியிலிருந்து சண்முகத்தாய் புத்தகத்தோடு வந்தாள். "மதினி வரலேன்னா நானும் பரீட்சைக்குப் போகல. சாத்தூருக்கு நீங்களே சொல்லிருங்கப்பா."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. படியை விட்டு விலகினார். விலகிய மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நீ முதல்ல இறங்கு சண்முகத்தாய். பரீட்சை நேரத்துல சகுனம் கெடக் கூடாது. அவ செத்த நேரம் கழிச்சு வரட்டும்" என்றார்.

சண்முகத்தாய் நகரவில்லை.

"நீங்க இறங்குங்க மதினி. ஒங்க முகத்துல முழிச்சுத்தான் நான் பாஸாவப் போறேன்."

பரிபூரணம் முதலில் இறங்கினாள். வேலைக்குக் கிளம்பிய எதிர்வீட்டுக்காரர் அவளைக் கண்டதும் திரும்பி உள்ளே போனார். சண்முகத்தாய் அவள் பின்னாலேயே நடந்தாள்.