பேராசிரியர் வாங்கிய தடை

டை முடிச்சு மூன்றாவது தடவையும் கோணிக்கொண்டு நின்றது. யூனிஸ் அதை அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். உயிரோடு இருந்தவரை இந்த மனுஷன் கழுத்தில் டை நேராக நின்றதில்லை. சட்டக் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷமும் கோணல் டையோடுதான் பாடம் நடத்தினார். செத்த பிறகாவது ஒத்துழைக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது. விடியற்காலையில் பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தவர். அவளுக்கு அழக்கூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

சபைச் செயலாளர் ஜெபராஜ் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒரு சின்ன ப்ராப்ளம்."

"குழி வெட்டியாச்சா?"

"அதுலதான் அக்கா ப்ராப்ளம். முன் பக்கத்துல வெட்ட முடியாது. கோர்ட் ஆர்டர் இருக்கு." கையிலிருந்த தாளை நீட்டினார். "சார் வாங்கின ஆர்டர்தான்."

யூனிஸ் அதை வாங்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது, மனுவை டைப் அடித்தவளே அவள்தான்.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி இருந்த அவர்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆளுயரச் சுவர் ஒன்று உண்டு. முன் பக்கம் பழைய குடும்பங்களுக்கு, பின் பக்கம் காலனிக்காரர்களுக்கு. ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம். சாகிற அன்றைக்கு மட்டும் சாதி வந்து குறுக்கே நிற்கும். எண்பத்தாறில் கொத்தனார் தாவீதின் அம்மாவை முன் பக்கம் அடக்கம் செய்ய விடவில்லை. அப்போது அவள் புருஷன் சத்தியநாதன் ரிடையராகி இருந்தார். சும்மா இருப்பாரா? கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு, தாவீதுக்காகச் சொந்த சபை மேலேயே வழக்குப் போட்டார். மூன்று வருஷம் அலைந்து, போன மாதம்தான் இடைக்காலத் தடை கிடைத்தது. தீர்ப்பு வரும்வரை முன் பக்கத்தில் யாரையும் அடக்கம் செய்யக் கூடாது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டைப் அடிக்கும்போதே அவள் கேட்டாள். "ஏற்கெனவே குடும்பக் கல்லறை இருக்கிறவங்க நீங்கலாகன்னு ஒரு வரி சேர்த்துடலாமே?"

"சேர்த்தா அப்புறம் தடையே இல்ல, யூனிஸ். முன்னாடி இருக்கிறது பூரா குடும்பக் கல்லறைதானே."

அங்கே நாவல் மரத்தடியில் அவர்களுடைய ஞானஜோதி கிடக்கிறாள். நாலு வயசில் ஜுரத்தில் போனவள். அவளுக்கு இரண்டு பக்கமும் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இடம் விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் பாயிண்ட் பிடிக்கிறவருக்கு அது ஞாபகம் வராமல் போயிருக்குமா? வந்துதான் இருக்கும். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"கமிட்டில பேசிட்டேன் அக்கா," என்றார் ஜெபராஜ். "நாங்க கண்டுக்க மாட்டோம். ஆட்சேபணை இல்லன்னு தாவீது ஒரு லெட்டர் மட்டும் குடுத்துட்டா போதும். குழந்தை பக்கத்துலயே சாரை வெச்சுடலாம்."

தாவீது வாசற்படியில் நின்றிருந்தான். காதில் விழுந்துவிட்டது.

"குடுக்கறேம்மா. இன்னா எழுதணுமோ எழுதுங்க, கையெழுத்து போட்டுடறேன். சாரு எங்களுக்கோசரம் எம்மா அலைஞ்சாரு. பாப்பாகிட்ட போவட்டும். கேஸு கெடக்குது."

சரி என்ற சொல் யூனிஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக மாதம் தவறாமல் அந்த மரத்தடிக்குப் போய், தனியாகப் படுத்திருக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவள். அப்பாவாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தத் தாளையே பிடுங்கி, பின் பக்கத்தில் லெட்டர் எழுதிவிடலாம் என்றுகூட இருந்தது.

"ஜெபராஜ், அடுத்த மாசம் ஹியரிங். அந்த லெட்டர் யார் கையில இருக்கும்?"

ஜெபராஜ் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"தடை கேட்டவங்களே மீறிட்டாங்க, அதை எடுத்துடுங்கன்னு உங்க வக்கீல் கேக்க மாட்டாரா?"

"சாவு வூட்டுல கேஸ் பேசறீங்களே அக்கா."

"நானா ஆரம்பிச்சேன்? பின்னாடியே வெட்டச் சொல்லுங்க."

அவர் போனதும் புருஷன் முகத்தருகே குனிந்தாள். "உங்களோட ஒரே ரோதனை," என்றாள். அப்போதுதான் கண் நிறைந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. நாவல் மரத்தருகே தூக்கியவர்களின் கால் தயங்கியது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நடங்க," என்றாள்.

சுவரில் இருந்த சந்து ஒருவர் போகிற அகலம்தான். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் அந்தப் பக்கம் கொண்டுபோக முடிந்தது. தாவீதின் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் குழி. பாஸ்டர் ஜெபித்தார், பாடினார்கள், ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

வெட்டியான் குப்புராஜ் குழியை மூடிவிட்டு, மிச்ச மண்ணையும் கல்லையும் குழிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் தள்ள வந்தான். யூனிஸ் அங்கே போய் நின்றுகொண்டாள்.

"நவுருங்கம்மா, மண்ணு போடணும்."

"அந்தாண்ட போடுப்பா. இந்த இடம் எனக்கு வேணும்."

குப்புராஜ் மண்வெட்டியைப் பிடித்தபடி தாவீதைப் பார்த்தான். தாவீது தரையைப் பார்த்தான். யூனிஸ் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அடிமேல் அடி வைத்து அளக்க ஆரம்பித்தாள். நாலாவது அடியில் கருவேல முள் காலில் ஏறியது. குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி அளந்தாள்.