பன்னிரண்டு கிலோ

திங்கட்கிழமை காலை சலவைக்கூடத்தில் கொதிகலன் சூடாவதற்குள் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டைகளை நிறுக்கும் தராசில் வரிசையாக ஏறுவார்கள். முள் நிற்கும் இடத்தைப் படித்துச் சொல்வது அலுவலக மேசைப் பெண்ணின் வேலை. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் அவளுக்கு அங்கே ‘டிகிரி’ என்று பெயர். பாதி மரியாதை, பாதி குத்தல். இஸ்திரிப் பிரிவில் இருபது வருடமாக நிற்பவள் அவளுடைய அம்மா.

அம்மா ஏறினாள். முள் அறுபத்தாறில் நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் எழுபத்தெட்டு.

“பன்னெண்டு கிலோ குறைஞ்சிருக்கு,” என்றாள் டிகிரி.

“உடம்பு இளைக்க நாங்களும் அதே மூச்சுப்பயிற்சி மாஸ்டர்கிட்டதான மூச்சு இழுக்குறோம்,” என்றாள் மடிப்பு மேசைக்காரி. “எங்களுக்கு ஒரு கிலோ இறங்குறதுக்குள்ள உயிரே போகுது.”

“நீங்க காலையில போய் மூச்சோட ஊர்க்கதையும் சேத்து இழுக்குறீங்க. நான் சாயங்காலம் போறேன். கூட்டமில்ல, பேச்சில்ல,” என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். டிகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றை உள்ளே விட்டு வெளியே விட்டால் கொழுப்பு கரையுமென்றால் துருத்தி ஊதுகிறவனெல்லாம் நூலாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த ஆள் ஏதோ பொடி கொடுக்கிறான். அம்மாவின் பையைத் துழாவினாள், சமையலறை டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தாள், தலையணை உறைக்குள்ளும் கையை விட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அம்மாவின் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. கேட்டால், “மூச்சு பசியை அடக்குதுடி” என்பாள். விடியற்காலை இருமலைப் பற்றிக் கேட்டால், “உள்ள இருக்குற கசடு வெளிய வருது” என்பாள். இதெல்லாம் அம்மாவின் வார்த்தைகளா, அவன் சொல்லிக்கொடுத்த பாடமா?

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குப் போய் நின்றாள். மாஸ்டர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மாவுக்கு என்ன கலக்கிக் குடுக்குறீங்க?”

“யாரும்மா நீங்க?”

“சலவைக்கூடத்துல இஸ்திரி போடுறாங்களே, அவங்க பொண்ணு.”

அவர் பாயைக் கீழே வைத்தார். “அவங்கள வர வேணாம்னு சொல்லி மூணு வாரம் ஆச்சேம்மா. ஒரு மூச்சு முழுசா இழுக்க முடியல, இருமல் வந்துடுது. முதல்ல டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேன். வீட்ல சொல்லலையா?”

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை விட்டுவிட்டு டிகிரி திரும்பி நடந்தாள். அப்படியானால் மூன்று வாரமாக அம்மா சாயங்காலங்களில் எங்கே போகிறாள்?

வீட்டுக்கு அம்மா வழக்கமான நேரத்துக்கே வந்தாள்.

“க்ளாஸ் எப்படிம்மா இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. இன்னிக்கு வயித்துலேர்ந்து இழுக்கச் சொன்னாரு.”

“நான் அவரைப் பாத்துட்டுதான் வர்றேன்.”

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவசரமே இல்லாமல் துடைத்தாள்.

“சலவைக்கூடத்துப் பின்வாசல் படியில உக்காந்து இருமித் தீத்துட்டு வர்றேன். போதுமா? ரெண்டு வாரத்துக்கு மேல இருமுறவங்க உள்ள வரக் கூடாதுன்னு செவுத்துல ஒட்டியிருக்கே, அதை டைப் அடிச்சது யாரு? நான் மறைச்சது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான். தெரிஞ்சா நீ ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுவ, என் வேலை போயிடும். படிச்சவ பாரு.”

“முதல்ல நாளைக்கு டாக்டரைப் பாப்போம்,” என்றாள் டிகிரி. அவள் எழுதித்தான் கொடுப்பாள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

மறுநாள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கட்டச் சொன்ன ஆஸ்பத்திரி அங்கியைப் புரட்டிப் பார்த்து, “இது நம்ம துணிதான். காலர் மடிப்பைப் பாரு, யாரோ அரைகுறையா தேச்சிருக்கா,” என்று முணுமுணுத்தாள் அம்மா. உள்ளே போய்ப் பலகையில் நெஞ்சை அழுத்தி நின்றாள். தளர்ந்த அங்கிக்குள் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் தனியாகத் தெரிந்தன.

“மூச்சை நல்லா இழுங்கம்மா. இழுத்து அப்படியே பிடிங்க,” என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

அம்மா இழுத்தாள். இருமல் பிடுங்கிக்கொண்டு வந்தது.

“பரவால்ல. இன்னொரு தடவை.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டிகிரி தன் மூச்சையும் இழுத்துப் பிடித்தாள். அம்மாவின் முதுகு மெல்ல விரிந்தது, விரிந்தது, ஓரிடத்தில் நடுங்கி நின்றது.

“அசையாதீங்க,” என்றார் அவர். “இன்னும் கொஞ்சம்.”