பந்து யார் கையில்

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, பேருந்துப் பணிமனையின் இரண்டாவது குழியில் நின்று பிரேக் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் மாரடைப்பில் இறந்தார். வயது நாற்பத்தேழு.

நாலு பத்துக்கு அவர் மனைவியின் போன் அடித்தது. எடுத்தது இறந்தவரின் அக்கா.

"நாலு மணிக்கு வர்றதா சொல்லியிருந்தீங்க. மூணு பேரையும் இன்னும் காணோமேன்னு..." குடும்ப ஆலோசகரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மூணு பேர் இனிமே வரமாட்டாங்க. என் தம்பி காலைல போய்ட்டான். வாராவாரம் உட்கார வச்சு, பெத்த பொண்ணு வாயாலயே திட்டு வாங்கிக் குடுத்தீங்கல்ல? நெஞ்சு தாங்கல."

போனை வைத்துவிட்டு, தம்பியின் மகள் பக்கம் திரும்பினாள் அத்தை.

"அப்பா வீட்ல இருந்தா மூச்சு முட்டுதுன்னியாமே. இப்ப நல்லா வருதாடி?"

பதினைந்து வயது மகள் சுவரைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதமாக அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையிடம் மட்டும் பேசியிருக்கிறார்.

ஆலோசகர் அறையில் ஒரு விதி. மஞ்சள் ரப்பர் பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். போன வாரம் மூச்சு முட்டுவதைச் சொல்லிவிட்டு மகள் பந்தை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதைப் பத்து நிமிடம் அமுக்கிக்கொண்டே இருந்தார். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் பந்தைக் காணவில்லை.

ஐந்து மணிக்குப் பணிமனை ஆள் ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் கழற்றிய காக்கிச் சட்டை, பேன்ட், செருப்பு. உடல் வர ஏழாகும் என்றார்.

அத்தை பேன்ட்டை உதறினாள். பந்து விழுந்து உருண்டது. மஞ்சளே தெரியாத அளவுக்கு கிரீஸ். விரல் பதிந்த இடத்தின் மேலேயே மறுபடி மறுபடி விரல் பதிந்திருந்தது.

"என்ன கருமம் இது?"

மகள் எடுத்துக்கொண்டாள். "இத எடுத்துட்டுப் போய்ட்டா யாரும் பேச முடியாதுன்னு நெனச்சிருப்பாரு."

"செத்தவன பேசற பேச்சாடி இது? இந்த வாய்தான் அவன..."

"அண்ணி." அன்று முழுக்க அம்மா சொன்ன முதல் வார்த்தை அது. "பந்து அவகிட்ட இருக்கு. நீங்க வாய மூடுங்க."

அத்தை மூடினாள். இருவரும் மகளைப் பார்த்தார்கள். மகள் பந்தை அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். உள்ளங்கை கறுத்தது. ஏழு மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும்வரை அவள் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நான்கு மணிக்கு, ஆலோசகரின் வருகைப் பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். பந்து திருப்பித் தரப்படவில்லை.