இரண்டு கட்டங்களுக்கு ஒரு சொல்

எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். மாணவியரின் கட்டுரைகளைத் திருத்தியதன்றி, நானாக ஒரு பக்கமேனும் எழுதி அச்சுக்கு அனுப்பியவள் அல்லேன். ஆயினும் இதைச் சொல்லாமலிருப்பது அதனினும் பெரிய குற்றம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை, அடுத்த வீட்டு ருக்கையா கையில் ஒரு தந்தியுடன் வந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன் அப்துல் மாலிக். அவர் பினாங்கில் ஜவுளி வணிகம் செய்பவர். ஊருக்கு வந்து, திரும்பும் நேரம். ருக்கையாவின் கணவர் ரஃபியுதீன் சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சென்ற ஆறாம் மாதம் பிறந்த சுல்தானாவை அவர் பார்த்ததே இல்லை. அங்கே யுத்தம். கடிதங்களும் அருகிவிட்டன. தங்கையையும் குழந்தையையும் தம்மோடு பினாங்குக்கு அழைத்துச் சென்றுவிடுவதென்று மாலிக் தீர்மானித்திருந்தார். பயணச்சீட்டுகளும் எடுத்தாயிற்று. ருக்கையா ஒன்றே ஒன்று கேட்டாள்: கடைசியாக ஒருமுறை அவரைக் கேட்டுவிட வேண்டும்.

ரஃபியுதீனுக்கு ஆங்கிலம் தெரியாது. கடையில் பழகிய பிரெஞ்சு தெரியும். எனவே புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவரிடம் எழுதி வாங்கித் தந்தி கொடுத்திருந்தார்கள். கேள்வி இதுதான்: 'நீ வரமாட்டாயா?' வந்த பதிலில் ரஃபியுதீன் என்ற பெயரும், அதற்கு முன்னால் எஸ், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் மட்டுமே இருந்தன. ஸி.

"அந்தப் பெரியவரு மக பிரசவத்துக்குக் காரைக்கால் போயிட்டாராம் டீச்சரம்மா," என்றார் மாலிக். "வர பத்து நாளாவுமாம். புதன்கெழம கப்பலு. அவருக்குப் பேரப்புள்ள பொறக்கற வரைக்கும் நாகப்பட்டினத்துல நிக்குமா அது?"

"அக்கா, நீங்க பேப்பர்ல கட்டங்கட்டமா எழுதுவீங்களே," என்றாள் ருக்கையா. "அதுல எல்லா பாஷையும் வரும்னு சொன்னீங்களே."

உண்மைதான். ஆசிரியைகள் அறைக்கு வரும் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்து எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. அதில் நெருக்கடியான மூலைகளை அடைப்பதற்கென்றே சில சிறு சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இந்த 'ஸி'. 'ஒரு சுரம், பிரான்சில் இஃப்' என்று குறிப்பு வரும், நான் யோசியாமலே இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவேன். அதையே அவர்களிடம் சொன்னேன். 'இஃப்' என்பதற்குத் தமிழ் சொல்லும்போதுதான் தடுமாற்றம் வந்தது. நம் மொழியில் அது தனிச்சொல் அன்று. வினையின் வாலில் ஒட்டும் ஓர் 'ஆல்'. வந்தால், இருந்தால், முடிந்தால். வாலை மட்டும் ஒருவர் தந்தியில் அனுப்புவாரா?

மாலிக் சிரித்துவிட்டார். "'வந்தா'ன்னும் இல்ல, 'போனா'ன்னும் இல்ல. வெறும் வால மட்டும் அனுப்பியிருக்காரு மச்சான்."

ருக்கையா சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்து சொல்லுங்கக்கா," என்றாள்.

பார்க்கும் ஆவல் எனக்கும் இருந்தது. என் தம்பி தில்லைநாதன் சிதம்பரத்தில் இசை பயின்றுகொண்டிருந்தான். சனிக்கிழமை காலை ரயிலில் சென்று விவரம் கூறியதும், அவன் நூலகத்திலிருந்து ஒரு சிறிய பிரெஞ்சு அகராதியை வாங்கி வந்தான். பக்கத்தின் அடிப்பகுதியில் அச்சொல் இருந்தது. முதற்பொருள், சுரவரிசையில் ஏழாவது சுரம். இரண்டாவது, இஃப். என் குறுக்கெழுத்தில் இருந்தவை அப்படியே இருக்கக் கண்டு எனக்குண்டான மகிழ்ச்சியை இப்போது நினைக்கவும் கூசுகிறது. புத்தகத்தை மூடினேன்.

"ஏழாவதுன்னா நம்ம நி," என்றான் தில்லைநாதன். சரிகமபதநி என்று மெல்லப் பாடி, நிஷாதத்தில் நிறுத்தினான். "இங்கயே நிக்கச் சொன்னா நிக்க முடியுதா பாரு. மேல ஷட்ஜத்துக்குப் போயே ஆவணும்னு இழுக்கும்." அவன் நிறுத்திய இடத்தில் என் காதும் அடுத்த சுரத்தைத் தேடியது. சுவையான செய்தி என்று எண்ணிக்கொண்டேன், அவ்வளவே.

எதைச் சொன்னாலும் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்த்தே பேசுவது என் வழக்கம். அன்று மாலை ருக்கையாவிடம் பேசுகையில் அதைச் சேர்க்கவில்லை. "அகராதியிலேயே பார்த்துட்டேன். இஃப்னுதான் அர்த்தம். நிச்சயமா எதையும் சொல்லலை அவர்," என்றேன்.

அவள் தந்தியை மடித்து முந்தானையில் முடிந்தாள். "வரமாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட அழுதுட்டு இருந்திருப்பேன்க்கா," என்றாள். "இப்ப எதுக்கு அழுவறதுன்னே தெரியல." புதன்கிழமை கப்பலில் மூவரும் சென்றார்கள்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுது. ஒரு தோல்பெட்டியுடன் என் வாசலில் நின்றவரை, சுல்தானாவின் அதே அகன்ற நெற்றியைக் கொண்டு அடையாளம் கண்டேன்.

"டீச்சரம்மாதானே? ருக்கையா லெட்டர்ல எழுதும். வூடு பூட்டிக் கெடக்குதே, எங்க போயிருக்காங்க?"

நான் கூறியதை அவர் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்ல எனக்கு நினைவு வரவில்லை.

"வரேன்னு தந்தி குடுத்தேனே."

"ஸின்னுதான் இருந்தது."

"அதான் டீச்சரம்மா. வரமாட்டியான்னு இல்ல கேட்டாங்க. வரியான்னு கேட்டிருந்தா ஆமாங்கறதுக்கு 'உய்'னு போட்டிருப்பேன். இல்லையான்னு கேக்கறவங்களுக்கு, ஏன் இல்ல, உண்டுன்னு அடிச்சு சொல்றதுக்கு அவுங்ககிட்ட தனியா ஒரு வார்த்த இருக்கு. அதான் ஸி." சற்றே பெருமையுடன்தான் அதை விளக்கினார். பிறகு குரல் இறங்கியது. "யாரு படிச்சு சொன்னது?"

"நான்தான்."

அவர் தோல்பெட்டியைக் கீழே வைத்தார். "நானும் கூட ஒரு வார்த்த சேத்துப் போட்டிருக்கலாம்," என்றார். பழியில் பங்கெடுத்துக்கொண்ட அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. "சுல்தானா இப்ப என்ன ஒசரம் இருக்கும்?"

நான் கையை என் இடுப்புக்குச் சற்று மேலே, காற்றில், தட்டையாக வைத்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. அதன் கீழே இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் சென்று அந்த அகராதியை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினால், மறுபக்கத்தின் முதல் வரியில் மூன்றாவது பொருள் இருந்தது.

ரஃபியுதீன் இப்போது குறிஞ்சிப்பாடியில் ஒரு கைலிக் கடையில் இருக்கிறார். சைகோனுக்குத் திரும்ப வழியில்லை. பினாங்குக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. ருக்கையாவுக்கு உண்மையை எழுதிவிட்டோம்; அவர்கள் திரும்பி வருவதற்கான தாள்களும் இன்னும் கிடைத்தபாடில்லை. விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் நான்தான் எழுதித் தருகிறேன். ஒவ்வொரு சொல்லையும் வேறு இருவரிடம் காட்டிய பிறகே அனுப்புகிறோம்.

இழந்தவை இவை: ஒரு குடித்தனம். ஒரு குழந்தை தன் தகப்பனை முதன்முதலாகப் பார்த்திருக்க வேண்டிய நாள். அக்குழந்தையின் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய வயதுகள். அடுத்த வீட்டிலிருந்து என்னை அக்கா என்று அழைத்த ஒரு குரல். இதை எழுதும் 1967 ஆகஸ்டு வரை, மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும்.