ஒரு தலை குறைவு

பெட்டி வாசலுக்குள் நுழையவில்லை. தச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து கதவின் கீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை உடுப்புக்காரர்கள் எட்டுப் பேர் வெயிலில் பெட்டியைத் தோளில் தாங்கியபடி நின்றார்கள். கழன்ற திருகாணிகளை அக்கா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். எந்த நேரமும் சரிந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் அவளை ஒட்டியே நின்றாள். அக்கா சரியவில்லை. ஒரு திருகாணியில் துரு ஏறியிருந்தது. மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பிக்குக் கடற்படையில் பதினாறு வருடம். கப்பலின் இயந்திர அறைக்குப் பொறுப்பான அதிகாரி. ஐந்து நாளைக்கு முன், துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் அந்த அறையில் தீப்பிடித்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த மருத்துவர் சொல்லிவிட்டார். மூடிய பெட்டியின் முன் அப்பா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இவ்ளோ உயரமா இருந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது கதவு பழையபடி மாட்டியிருந்தது. துருப்பிடித்த திருகாணிக்குப் பதில் புதிது. அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சும்மா இருக்கத் தெரியாத கை. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினாள். தள்ளியவற்றை மறுபடி நடுவில் இழுத்துப் போட்டாள்.

மூன்று மணிக்குக் கப்பலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கேப்டன், சமையல்காரர், முழங்கை வரை இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்த மெக்கானிக். கேப்டன் அப்பாவின் எதிரே உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் படிப்பதுபோலப் பேசினார். கடமை என்றார், துணிச்சல் என்றார். தீக்குள் போய் இரண்டு உயிரைக் காப்பாற்றியவர், மூன்றாம் முறையும் தயங்காமல் போனார் என்றார். அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். அக்கா கேப்டனின் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் பக்கம் சின்ன ஓட்டை. பாவம், யாரும் கவனிக்கவில்லை போல.

சமையல்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"சார், அதெல்லாம் பேப்பர்ல போட்டுடுவாங்க. கப்பல்ல அவருக்கு என்ன பேருன்னு சொல்லுங்க." கேப்டன் தயங்கவே அவரே சொன்னார். "தலைக்கணக்கு. அப்படித்தான் நாங்க கூப்பிடுவோம்."

பட்டியலை நம்ப மாட்டாராம் தம்பி. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், ஒவ்வொரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதும், ஆடு மேய்க்கிறவர்போல விரலை மடக்கித் தன் ஆட்களை எண்ணுவாராம். புதிதாக வருகிறவர்கள் காதில் அது தலைக்கனம் என்று விழுந்து, யாரோ பெரிய திமிர் பிடித்த அதிகாரி என்று ஒரு வாரம் பயந்து சாவார்களாம். ஒருமுறை ஒரு தலை குறைந்தது. ஆள் வராமல் இயந்திரத்தைக் கிளப்ப மாட்டேன் என்று நாற்பது நிமிடம் கப்பலையே நிறுத்தி வைத்துவிட்டார். ஆள் எங்கே? மாவு மூட்டைகளுக்கு நடுவில் குறட்டை. எழுப்பிக் கொண்டுவந்தால், உடம்பெல்லாம் வெள்ளையாக நின்றவனைப் பார்த்து, "முப்பத்தொண்ணு, சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாராம்.

அப்பா சிரித்தார். இருமல்போல ஒரு சத்தம். ஐந்து நாளில் அவரிடமிருந்து வந்த முதல் சிரிப்பு அது.

அக்காவுக்கு எதுவும் ஒட்டவில்லை. அவள் அறிந்த தம்பி, விடுமுறைக்கு வந்தால் பாதி நாள் தூங்குவான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். ரயிலில் எவனுடைய பையையோ தூக்கிக்கொண்டு வந்து, பை மாறியதே தெரியாமல் நாலு நாள் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு திரிந்தவன். இவர்கள் வீடு மாறி வந்துவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. டீ போட எழுந்தாள்.

மெக்கானிக் பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றார். முப்பது வயதிருக்கும். கட்டுப் போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்திருந்தார்.

"அக்கா, கேப்டன் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டாவதாக இழுத்து வரப்பட்டவர் அவர்தான். மேல்தளத்தில் அவரைக் கிடத்திவிட்டுத் தம்பி எண்ணியிருக்கிறான். ஒரு தலை குறைந்தது. இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவரைக் காணோம்.

"அவன் உள்ளயான்னு என்னைக் கேட்டாரு. ஆமா சார், உள்ளதான் இருக்கான்னேன். போயிட்டாரு. அவன் பின்பக்க ஏணியில முன்னாடியே ஏறி வந்துட்டான்க்கா. ரெண்டு நிமிஷத்துல எங்க எதிர்ல வந்து நிக்கிறான். உள்ள யாருமே இல்ல."

பால் பொங்கி வந்தது. அக்கா தீயைக் குறைத்தாள்.

"அந்த எண்ணெய் போடறவரு உள்ள இருந்ததை நீங்க பாத்தீங்களா?"

"புகைக்கு முன்னாடி பாத்தேன்."

"அப்ப பாத்ததைத்தான சொன்னீங்க."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. இருக்கும் இடம் தெரிந்தது, வலி தெரியவில்லை.

"போகும்போது ஏதாவது சொன்னானா?"

"இங்கயே இரு, வந்துடறேன்னாரு." கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "இருந்தேன்க்கா" என்றார்.

அக்கா டீத்தூளைப் போட்டாள். ஒரு கரண்டி போதும். மூன்று போட்டுவிட்டாள்.

"அப்பாகிட்டயும் சொல்லிடறேன். அதுக்குத்தான் வந்தேன்" என்று அவர் திரும்பினார்.

"நில்லுங்க." அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "சொல்லுங்க, வேணாங்கல. இன்னைக்கு வேணாம். இன்னொரு நாள் வாங்க. வருவீங்கல்ல?"

அவர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"வரேன்க்கா."

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னம்மா, அந்தத் தம்பிக்கு என்ன வேணுமாம்?"

"ஒண்ணுமில்லப்பா. டீ சூடா இருக்கு, ஆறட்டும்னு நிக்கிறாரு."

இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றினாள். ஒன்றை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் கூச்சத்தோடு பின்வாங்கி, தன் கைகளைப் பார்த்துவிட்டு, குனிந்து குடித்தார். டீ கடுங்கசப்பாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு மிடறு குடித்தார். தாடையில் வழிந்ததை அவள் விரலால் துடைத்துவிட்டாள். கூடத்தில் சமையல்காரர் அடுத்த கதையை ஆரம்பித்திருந்தார். "அப்புறம்?" என்று அப்பா கேட்பது கேட்டது.

அக்கா டம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.