ஆக்காட்டி கத்தாத காலை

விடியுமுன்னே கரிச்சான் கத்தும். அதற்கெல்லாம் அம்சம் பதறமாட்டாள். குயிலோ மைனாவோ தவிட்டுக்குருவியோ, கத்திவிட்டுப் போகட்டும். அவள் காது காத்துக் கிடந்தது ஆக்காட்டி ஒன்றுக்குத்தான். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், ஊரையே கூட்டிவிடும் அந்தப் பாழாய்ப்போன குருவி.

தஞ்சாவூர் ஓரத்தில் வயலைத் தூர்த்து மனை போட்ட புது நகர் அது. அங்கே பாதி கட்டி நின்ற வீட்டுக்கு அம்சம் காவல். வலங்கைமான் பக்கம், நடவுக்கு வெளியூர் ஆளை இறக்கக்கூடாது என்று வரப்பில் கொடி நட்டு நின்றவன் அவள் புருஷன் வைரக்கண்ணு. மிராசுதார் ஆட்கள் தேடினார்கள், போலீசும் தேடியது. ஆட்சி மாறிவிட்டதாம், ஏழைக்கு விடிந்துவிட்டதாம்! யாருக்கு விடிந்ததோ. அவன் உள்ளறையில் சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் காய்ச்சலில் கிடந்தான்.

பக்கத்துக் காலி மனையில் ஆக்காட்டி முட்டையிட்டிருந்தது. தெருமுனையில் ஆள் திரும்பினாலே கத்தும். உடனே வைரக்கண்ணு பின்பக்க வாய்க்காலில் இறங்கிவிடுவான். இரண்டு முறை அப்படித்தான் தப்பினான்.

நேற்று அவனுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. பானையில் நொய் இல்லை. கடையில் கூடுதலாகக் கேட்டால் யாருக்கு என்பார்கள்.

"ஓடணும்னா காலு நிக்கணுமே, புள்ள" என்றான்.

பொழுது சாயக் காலி மனைக்குப் போனாள். ஆக்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. "மன்னிச்சுக்க தாயி! உன் புள்ளையா என் புருசனான்னா நான் என்ன செய்வேன்?" என்று அழுதுகொண்டே முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டாள். அவித்துக் கொடுத்தாள். ஆவலாகத் தின்றுவிட்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் அயர்ந்து தூங்கினான்.

காலையில் கரிச்சான் கத்தியது. குயில் கூவியது. தண்ணீர்த் தொட்டியில் மைனாக்கள் சண்டை போட்டன. அம்சம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆக்காட்டி சத்தமே இல்லை.

"யாரும் வரலைங்க, இன்னும் கொஞ்சம் தூங்குங்க" என்று போர்த்திவிட்டாள்.

போர்வையிலிருந்து கையை எடுக்கவில்லை, தகரக் கதவு பிய்ந்து விழுந்தது. நாலு தடியன்கள். வைரக்கண்ணுவைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போய் ஜீப்பில் எறிந்தார்கள். பின்னாலேயே ஓடிய அம்சம் காலி மனையில் தடுக்கி விழுந்தாள். முட்டை இருந்த குழி வெறுமையாகக் கிடந்தது. குருவியைக் காணோம். காக்க ஒன்றுமில்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? அட பாவி, நானே அல்லவா அதன் வாயை அடைத்தேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கத்தேண்டி! இப்பவாச்சும் கத்தேண்டி!" என்று மண்ணில் அறைந்துகொண்டு அவளே கத்தினாள்.

எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.